செலவில்லாத பயணம்

சேசு மரி சூசை துணை

லாயாங் லாயாங்,
12 செப்டம்பர் 2603

அன்புள்ள பேட்ரிசியா அக்காவுக்கு,

தங்கை டொரத்தி எழுதுகிறேன். பெக்கோக்கில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். எனக்குக் காய்ச்சல் விட்டுப் பதினைந்து நாளாகிறது. இப்போது எழுந்து நடமாடுகிறேன், பள்ளிக்கூடத்துக்கும் போகிறேன். மேலே தேதியைப் பார்த்துப் பயந்துவிடாதே. பிள்ளைகளுக்கு ஜப்பான்காரன் ஆண்டைத்தான் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதால் கை அதற்கே பழகிவிட்டது. நம் ஆண்டுப்படி 1943தான்.

நீ அனுப்பிய உப்பும் பழைய சேலையும் வந்து சேர்ந்தன. இங்கே அரிசி கண்ணில் பட்டு ஒரு மாதமாகிறது. காலையிலும் மாலையிலும் மரவள்ளிக் கிழங்குதான். உன் பிள்ளைகளுக்கு ஏதாவது அனுப்பலாம் என்றால் என்னிடம் கிழங்கு மாவைத் தவிர ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அத்தானுக்குத் தெரிந்த ரயில்வே கார்டு ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு.

ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த உன் தங்கை புருஷனை ஏன் பால் மரம் வெட்டுகிறவர்களோடு சேர்த்துச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள் என்று கேட்டிருந்தாய். பட்டியலில் பெயர் வந்தது, போனார் என்று அப்போது எழுதினேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது முழுவதும் தெரியும்.

எங்கள் டென்மார்க் திட்டம் உனக்கு நினைவிருக்கும். கல்யாணமான புதிதில் உன் வீட்டுக்கு வந்தபோது அவர் அந்த நோட்டை எடுத்து விரித்தார். "போறதுன்னா வேளாங்கண்ணிக்குப் போங்க, அது என்ன டென்மார்க்கு" என்று நீ சிரித்தாய். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதனால் மீதியை உனக்கு நாங்கள் சொல்லவேயில்லை.

எங்கள் ரப்பர் ஆலையில் இன்ஜினியராக இருந்த லுண்ட் துரை டென்மார்க்காரர். அவருடைய இங்கிலீஷைக் கேட்டு மற்ற துரைமார் சிரிப்பார்கள். அதனால் கிளப்புக்குப் போகாமல் ஆலையிலேயே உட்கார்ந்திருப்பார். இயந்திரம் பழுதாகி நிற்கும் நேரங்களில் அவர் இவரிடம் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவாராம். ரீபெ என்று பெயர். அந்த நாட்டிலேயே பழைய ஊர். கூரைமேல் நாரைகள் கூடு கட்டுமாம். ராக் காவலாளி ஒருவர் விளக்கோடு தெருவில் நடந்து மணியைப் பாட்டாகப் பாடுவாராம். பக்கத்துக் கடல் இறங்கினால் மைல் கணக்கில் உள்ளே போய்விடுமாம். அப்போது குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டே தீவுக்குப் போய்விடலாமாம். மலாக்காவைத் தாண்டாத மனுஷனுக்கு இதெல்லாம் பைத்தியம் பிடிக்கப் போதுமானதாக இருந்தது.

பிறகுதான் நீலநிற நோட்டு வந்தது. ஒரு கிராணி சம்பளத்தில் எப்படிப் போய் வருவது என்பதை நாலு வருஷம் உட்கார்ந்து எழுதினார், அக்கா. பெரிய கப்பல் வேண்டாம், பன்னிரண்டு பேரை மட்டும் ஏற்றிக்கொள்ளும் சரக்குக் கப்பல் போதும். ஜூன் மாதம் போக வேண்டும், அப்போது இரவு பத்து மணிவரை வெளிச்சமிருக்கும், ஒரு நாளில் இரண்டு நாள் பார்த்துவிடலாம். ரீபெயில் துரையின் அம்மா வீட்டு மாடி அறை. அதற்கு வாடகையாக நான் அந்த அம்மாவுக்குக் கோழிக் கறி வைக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். ஒடன்ஸ என்ற ஊரில் தங்க வேண்டாம், இரண்டு ரயிலுக்கு நடுவில் அரை நாள் நடந்தால் போதும். பிறகு ரயிலே கப்பலில் ஏறிக் கடலைத் தாண்டும், அதற்குத் தனி டிக்கெட் இல்லை. ரோஸ்கில்டயில் அந்த நாட்டு ராஜாக்கள் எல்லாரும் ஒரே கோயிலில் அடக்கம். ஹெல்சிங்கோரில் கடலோரக் கோட்டை. எதிர்க்கரையில் சுவீடன் தெரியும், ஜொகூர் பாருவில் நின்று சிங்கப்பூரைப் பார்க்கிற மாதிரி. "சுவீடனுக்குப் போக வேண்டாம், பார்த்தால் போதும்" என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். நடைப் பயணிகளுக்கான விடுதியில் படுக்கை விரிப்பை நாமே கொண்டுபோனால் பாதிக் கட்டணம் என்று, நான் இரண்டு விரிப்புகள் தைத்து ஓரத்தில் பூ வேலை செய்துவைத்தேன். நெத்திலிச் சம்பலை எத்தனை போத்தல் கொண்டுபோவது என்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

அந்த நாட்டுக் கடற்கரையைப் பென்சிலால் வரைந்து, எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்குப் படகு என்று ஓரத்தில் குறித்திருந்தார். 1942 ஜூனில் கிளம்புவதாக இருந்தோம். அந்த ஜனவரியில் ஜப்பான்காரன் சைக்கிளில் இந்த எஸ்டேட்டுக்குள் வந்தான். லுண்ட் துரை அதற்கு முன்பே சிங்கப்பூருக்கு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு தகவல் இல்லை. அப்படியும் இவர் நோட்டை எறியவில்லை. சண்டை முடியட்டும் என்றார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் மணியத்தை உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினானே, அவன்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க லா, கப்பல்ல வாந்தி எடுத்தா மருந்து கொடுக்க ஆள் வேணாமா" என்பான். நானும் அண்ணன் அண்ணன் என்றுதான் வாய் நிறையக் கூப்பிட்டேன்.

இந்த வருஷம் ஜூன் மாதம் எங்கள் எஸ்டேட்டிலிருந்து அறுபது ஆட்களும், உடன் போக உத்தியோகஸ்தர் ஒருவரும் வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தியோகஸ்தர் என்ற இடத்தில் முதலில் எழுதியிருந்த பெயர் மணியம். இவர் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தார். மறுநாள் இவர் ஆலையில் இருக்கும்போது அவன் வீட்டுக்கு வந்தான். "தங்கச்சி, திரும்பி வருவேனோ என்னமோ. அந்த நோட்ட கொடுங்க, போற வழியில படிச்சிக்கிட்டுப் போறேன், மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று கேட்டான். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்டான். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன், அக்கா. வழிக்கு வறுத்த கிழங்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

மீதியை ஆபீஸ் பியூன் செல்லப்பன் போன வாரம்தான் என்னிடம் சொன்னார். இத்தனை நாளும் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். மணியம் அந்த நோட்டைக் கட்டுத் துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக ஜப்பான் அதிகாரியிடம் போனானாம். செபஸ்தியன் கடற்கரைப் படமும் கப்பல் நேரமும் எழுதி வைத்திருக்கிறான், யாருக்கு அனுப்பவோ என்று சொன்னானாம். இவரைக் கூட்டிப் போய் முழங்காலில் உட்காரவைத்து அறைந்திருக்கிறார்கள். இது டென்மார்க், ஊர் பார்க்கப் போவதற்காக எழுதியது என்று இவர் சொல்லியிருக்கிறார். அது நண்பன் நாடா எதிரி நாடா என்று அதிகாரி கேட்டானாம். ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருக்கும் நாடு என்று இவர் உள்ளதைச் சொன்னாராம். அதைக் கேட்டதும் அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தானாம். "உனக்கு ஊர் சுற்ற ஆசையா? நிப்பான் உன்னைச் செலவில்லாமல் ரயிலில் அனுப்பும்" என்று சொல்லிவிட்டு, மணியத்தின் பெயரை அடித்து அந்த இடத்தில் இவர் பெயரை எழுதினானாம். மணியம் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். இவரை வீட்டுக்கு விடாமல் அங்கிருந்தே வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த வண்டி உன் ஊர் வழியாகத்தான் போனது. பெக்கோக்கில் நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

அவன் இங்கே நடமாடுகிறான். எனக்குக் காய்ச்சல் கண்டபோது வந்து கொய்னா மாத்திரை கொடுத்தான், தினமும் கை பிடித்து நாடி பார்த்தான். அந்தக் கையை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது. ஆண்டவரிடம் விட்டுவிடு என்று எனக்கு எழுதாதே. அவனை விடமாட்டேன். எப்படி என்று இன்னும் தெரியாது. ஆனால் விடமாட்டேன்.

உன் தங்கை,
டொரத்தி


சேசு மரி சூசை துணை

லாயாங் லாயாங்,
23 ஜனவரி 2604

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு மூச்சிரைப்பு என்று படித்துக் கவலைப்பட்டேன். தூதுவளை கிடைத்தால் கஷாயம் வைத்துக் குடி. நான் எழுதாதே என்று சொன்னதையே நாலு பக்கம் எழுதியிருந்தாய். குளுவாங் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய் என்கிறாய். நான் போகவில்லை. போனால் செய்ததற்கு மனஸ்தாபப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும். பொய் சொல்ல அங்கே போவானேன்?

காரியம் முடிந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். இதையும் எரித்துவிடு.

நான் நிப்பான் மொழி படிப்பதைப் பார்த்து எஸ்டேட்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். வாத்திச்சிக்குச் சம்பளம் கூடும் என்று படிக்கிறாள் என்றார்கள். அந்த எழுத்தில் அவன் பெயரை எழுத நாலு எழுத்துப் போதும், அக்கா. மா, நி, யா, மு. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் அந்த நாலையும் அழகாக எழுதப் பழகினேன். டென்மார்க்கைக்கூட மறக்கவில்லை. எழுத்துப் பழகிய அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஊர்களை வரிசையாக ஞாபகத்திலிருந்து எழுதினேன். எது இவர் சொன்னது, எது நானாகச் சேர்த்தது என்று இப்போது பிரிக்கத் தெரியவில்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு முறையும் கிழித்துத் தின்றேன். உண்மையாகவே தின்றேன். காகிதம் எழுதி வைப்பது எதில் கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியாதா?

அவன் மனைவி ராசம்மாவிடமிருந்துதான் வழி கிடைத்தது. அவள் கள்ளமில்லாதவள். ஒருநாள் கோழிக் கூண்டைச் சுத்தம் செய்ய நான் கைகொடுத்தபோது, "அங்க தோண்டாதீங்க டொரத்தி, அவரு மருந்து டின்னு வச்சிருக்காரு" என்றாள். ஆஸ்பத்திரி கொய்னாவில் பாதியை அங்கே புதைத்து வைத்துக் குளுவாங்கில் விற்றுக்கொண்டிருந்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல்காரர்களுக்கு வேப்பந்தண்ணீர்தான்.

மாதம் ஒருமுறை அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகள் பாடுவதைக் கேட்பான். டிசம்பரில் வந்தபோது வருகைப் பதிவேட்டுக்குள் ஒரு தாள் வைத்து நீட்டினேன். இரண்டே வரி. அவன் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். உன் புருஷன் எங்கே என்று கேட்டான். நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்றேன். அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. சிரித்தான். இதற்கு என்ன கூலி வேண்டும் என்று கேட்டான். என் புருஷனைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அக்கா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு மணியமும் வேண்டாம், பழியும் வேண்டாம், காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தது. ரயில் வாங்கிக்கொண்டதைத் திருப்பித் தராது என்றான். மறுநாள் ஒரு ஆள் அரை மூட்டை அரிசியை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான்.

கூண்டைத் தோண்டி டின்னை எடுத்தார்கள். தலையை வெட்டுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் சயாமில் டிரெஸ்ஸர்களுக்குப் பஞ்சமாம். இரண்டு நாள் வெயிலில் நிறுத்தி அடித்துவிட்டு, அடுத்து ஆள் ஏற்றிய வண்டியிலேயே அவனையும் ஏற்றிவிட்டார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உன் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையை வாரிப் பின்னிக்கொண்டு போனேன். சரக்கு வண்டியின் கதவோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. திறந்திருந்த கண்ணால் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். அவனுக்குப் புரிந்திருக்கும். புரிய வேண்டும் என்றுதான் போனேன்.

வண்டி நகர்ந்ததும் ராசம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நம்ம ரெண்டு பேரு தலையெழுத்தும் ஒண்ணாப் போச்சே" என்று அழுதாள். அவளுடைய ஐந்து வயதுப் பெண் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. டிரெஸ்ஸர் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். போக இடமில்லை என்று இருவரையும் என் வீட்டுக்கே கூட்டி வந்தேன். அன்று அந்த அரிசியைத்தான் வடித்தேன். வேறு என்ன இருந்தது? அந்தப் பிள்ளை சோற்றைப் பார்த்து எத்தனை மாதமாயிற்றோ, இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. ராசம்மா என்னைத் தெய்வம் என்றாள். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். உன்னிடம் பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோண்டி எடுத்த கொய்னாவை ஜப்பான்காரன் கொண்டுபோய்விட்டான். டிரெஸ்ஸரும் இல்லை. இந்த மாதம் மட்டும் லயத்தில் மூன்று பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். ஒருத்தி என்னிடம் படித்தவள், ஒன்பது வயது. ஆகஸ்டில் எனக்குக் கொடுத்த கொய்னாவும் அந்த டின்னிலிருந்துதான் என்று ராசம்மா சொன்னாள். "இத விக்க மாட்டேன், செபஸ்தியன் பொண்டாட்டிக்குன்னு" தனியாக எடுத்து வைத்திருந்தானாம். அதைக் கேட்டு நான் கலங்கிவிடுவேன் என்று நினைக்காதே. அது அவன் எனக்குக் கட்டிய அபராதம். அவ்வளவுதான்.

இவரிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஏழு மாதமாகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். எனக்காக நீ செபம் செய்வதாயிருந்தால் இவருக்காகச் செய்.

உன் தங்கை,
டொரத்தி


லாயாங் லாயாங்,
9 மே 2604

மணியம் அண்ணனுக்கு,

எஸ்டேட்டிலிருந்து டொரத்தி எழுதுவது. ராசம்மா அக்காவும் பாப்பாவும் சுகம். என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பாப்பாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. அ, ஆ எழுதப் பழகிவிட்டாள். கூண்டில் மிச்சமிருந்த இரண்டு கோழிகளும் இப்போது முட்டையிடுகின்றன. அவளுக்குத்தான் கொடுக்கிறோம்.

அறுபது பேரோடு போன கங்காணி ஐயாசாமி, இன்னும் ஆள் பிடித்துவர அனுப்பப்பட்டு இங்கே வந்திருக்கிறார். அவரோடு எட்டுப் பேர்தான் திரும்பி வந்தார்கள். நாளை மறுநாள் மறுபடியும் கிளம்புகிறார். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுக்கிறேன்.

செபஸ்தியன் உயிரோடிருக்கிறார் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. கெண்டைக்காலில் மூங்கில் கிழித்த புண், எலும்பு தெரிகிற அளவுக்கு அழுகிவிட்டது என்றார். காய்ச்சலில் ஏதோ தெரியாத வார்த்தைகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். வேதக்காரர், லத்தீனில் செபம் சொல்கிறார் என்று மற்றவர்கள் ஒதுங்கி உட்காருகிறார்களாம். எந்த வார்த்தை என்று கேட்டேன். ஐயாசாமிக்கு ஒன்றுதான் வாயில் வந்தது. ரோஸ்கில்ட. அது செபமில்லை என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அது என்ன என்று தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். அவர் அந்த ஊர்களைச் சொல்லும்போது அடுத்த ஊரை எடுத்துக் கொடுங்கள். வரிசை தப்பினால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் நல்லது.

அந்த ஆஸ்பத்திரிக் கொட்டகைக்கு நீங்கள்தான் டிரெஸ்ஸராக வந்திருக்கிறீர்கள் என்றும் ஐயாசாமி சொன்னார். முதல் நாள் செபஸ்தியனைப் பார்த்ததும் வெளியே போய்விட்டீர்களாம், அன்று முழுக்கத் திரும்பவில்லையாம். இரண்டாம் நாள் வெந்நீரும் கரண்டியும் கொண்டுவந்து புண்ணைச் சுரண்டிக் கட்டினீர்களாம். அவர் உங்கள் கையைக் கடித்துவிட்டாராம். நீங்கள் கையை இழுக்கவில்லையாம். இரண்டாம் நாள் நீங்கள் வந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தது யார் என்று நீங்கள் வண்டியில் போகும்போது யோசித்திருப்பீர்கள். அவர் பெயரைச் சொன்னது யார் என்று நானும் மூன்று மாதம் யோசித்தேன். இனி நாம் இருவரும் அதை யோசிக்க வேண்டாம். உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு தாள் வீணாகிவிட்டது. கை வரவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். அவருக்குத் தினமும் கட்டை மாற்றிக் கட்டுங்கள், அது போதும். பழைய துணியெல்லாம் கிழித்து வெந்நீரில் போட்டு உலர்த்தி அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் பூ வேலை இருக்கும், கனமாக இருந்தால் அதைக் கத்தரித்துவிடுங்கள். காலை எடுத்தால்தான் பிழைப்பார் என்றால் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலோடு வந்தாலும் எனக்கு முழு மனுஷன்தான்.

ராசம்மா அக்கா என் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறார். நான் வைத்ததைச் சாப்பிடுகிறார். என் வீட்டுக்காரரும் நீங்களும் சகோதரர்களைப் போல என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுத்துப் பேசியதில்லை. உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும், என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செபஸ்தியன் வந்து சேருகிறவரைக்கும் என்னால் சொல்லாமலிருக்க முடியும். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நான்தான் நடக்கிறேன். நீங்கள் அங்கே செய்வதை நான் இங்கே செய்கிறேன், அண்ணன். நீங்கள் நிறுத்தினால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதை எனக்குத் தெரியவைத்துவிடாதீர்கள்.

ஐயாசாமி வாசலில் வந்து நிற்கிறார். ராசம்மா அக்கா உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னார். பாப்பா தன் பெயரைக் கீழே எழுதியிருக்கிறாள், ஒரு எழுத்து தலைகீழாக இருக்கும்.

உங்களுக்காக நான் தினமும் செபிக்கிறேன். செபஸ்தியனுக்கு எவ்வளவு ஆயுசோ, அவ்வளவு ஆயுசை ஆண்டவர் உங்களுக்கும் கொடுக்கட்டும்.

உங்கள் தங்கை,
டொரத்தி செபஸ்தியன்